சோற்றை நிறுத்திவிட்டேன் அக்கா, சரிதானே?

கேள்வி:

வணக்கம் அக்கா. நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் மாமியார் வீட்டில் இருக்கிறேன். வயது 29. வயிற்றில் இருப்பது இரண்டாவது பிள்ளை, இப்போது 29 வாரம். மூத்தவன் பிறந்தபோது 3.9 கிலோ. 26-ஆம் வாரத்தில் கிளினிக்கில் இனிப்புத் தண்ணீர் குடிக்கவைத்து ரத்தம் எடுத்தார்கள். வெறும் வயிற்றில் 5.4 mmol/L, இரண்டு மணி நேரம் கழித்து 9.1. கர்ப்பகால இனிப்புநீர் (சர்க்கரை நோய்) என்று சொல்லி, சாப்பாட்டைக் கட்டுப்படுத்தச் சொன்னார்கள். பயத்தில் 12 நாளாகச் சோற்றைத் தொடவில்லை. காலையில் மைலோவில் க்ரீம் கிரேக்கர் நனைத்துச் சாப்பிட்டுவிட்டு ஃபேக்டரி பஸ் ஏறுகிறேன். மதியம் வெள்ளரிக்காய், அவித்த முட்டை. சாயங்காலம் ஏழு மணிக்குக் கேழ்வரகுக் கஞ்சி, அதோடு சரி. பி.எஸ்.பி. (ஒரே நாளில் பல தடவை ரத்தச் சீனி பார்க்கும் சோதனை) பார்ப்பதற்கு முந்தின நாளும் அன்றைக்கும் வெள்ளரிக்காய் மட்டும்தான். ரீடிங் நல்லபடியாக வந்தது, மிஸ்ஸியும் (நர்ஸ்) பாராட்டினார். ஆனால் நாத்தனார் வீட்டு மீட்டரில் காலையில் குத்திப் பார்த்தால் 5.8, 5.9 என்று காட்டுகிறது. ஒன்றரைக் கிலோ எடை குறைந்திருக்கிறது, தலை சுற்றுகிறது. அத்தை 'ரெண்டு உசிருக்குச் சாப்பிடணும்' என்கிறார். பக்கத்து வீட்டுப் பாட்டி 'இன்சுலின் ஊசி போட ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விடாது' என்கிறார். சோறே சாப்பிடாமல் இருந்தால் ஊசியிலிருந்து தப்பித்துவிடலாமா? அடுத்த மாதம் வளைகாப்பு வேறு வருகிறது.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

இன்று இரவே சோறு சாப்பிடுங்கள். எவ்வளவு, எதோடு என்பதைக் கீழே சொல்கிறேன். ஆனால் இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு இன்னொரு வேளை பட்டினி வேண்டாம்.

அடுத்தது, நாளைக்கே கிளினிக்குக்குப் போன் செய்து, பி.எஸ்.பி.க்கு முந்தின நாளும் அன்றைக்கும் வெள்ளரிக்காய் மட்டும் சாப்பிட்டதையும், வீட்டில் காலை ரீடிங் 5.8 வருவதையும், எடை குறைந்ததையும் மிஸ்ஸியிடம் உள்ளபடி சொல்லுங்கள். திட்டுவார்களோ என்று பயப்பட வேண்டாம். நான் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், பி.எஸ்.பி.க்கு முன்னால் வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு வருகிற தாய்மார்கள் நிறையப் பேர். பரீட்சைக்குப் போவதுபோல நினைத்துவிடுகிறார்கள். பி.எஸ்.பி. பரீட்சை இல்லை, தங்கச்சி. நீங்கள் வழக்கமாகச் சாப்பிடுகிற சாப்பாட்டை உடம்பு எப்படித் தாங்குகிறது என்று பார்த்து, உணவு போதுமா, மருந்து வேண்டுமா என்று டாக்டர் முடிவு செய்கிற கணக்கு அது. வெள்ளரிக்காய் தின்றுவிட்டுக் கொடுத்த எண்ணை வைத்து அவர் எடுக்கிற முடிவு வெள்ளரிக்காய்க்குத்தான் பொருந்தும். மற்ற நாளில் பிள்ளைக்கு எவ்வளவு சீனி போகிறது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

இந்த வியாதி ஏன் வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லவேண்டும். கடிதம் முழுக்க ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. பிள்ளைக்குச் சாப்பாடு தடையில்லாமல் போகவேண்டும் என்று நஞ்சுக்கொடி சில ஹார்மோன்களைச் சுரக்கிறது. அவை தாயின் உடம்பில் இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கும். 20 வாரத்துக்கு மேல் இந்தத் தடை ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் பரிசோதனையை 24-லிருந்து 28 வாரத்துக்குள் வைக்கிறார்கள். எல்லாத் தாய்மாருக்கும் இது நடக்கும். சிலருடைய கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளித்துவிடும், சிலருக்கு அந்த அளவு முடியாது. நம் நாட்டில் வெறும் வயிற்றில் 5.1, இரண்டு மணி நேரத்தில் 7.8, இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொட்டாலே கர்ப்பகால இனிப்புநீர் என்று எழுதுவார்கள். உங்களுக்கு இரண்டுமே தாண்டியிருக்கிறது.

நஞ்சுக்கொடியைத் தோட்டத்து கேட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நிற்கிற ஜாகா சீனியை உள்ளே விடுவார், தாயின் இன்சுலினை விடமாட்டார். உங்கள் ரத்தத்தில் கூடுகிற சீனி அப்படியே பிள்ளைக்குப் போகும். பிள்ளை அதைச் சமாளிக்கத் தன் கணையத்திலிருந்து நிறைய இன்சுலின் சுரக்கும், அது கொழுப்பாகச் சேரும், தோளும் வயிறும் பெருக்கும். பிரசவத்தில் தோள் சிக்கிக்கொள்ளும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பிறந்து கொடியை வெட்டியதும் சீனி வரத்து நின்றுவிடும், ஆனால் பிள்ளையின் இன்சுலின் உடனே குறையாது. அதனால் பிறந்த சில மணி நேரத்தில் பிள்ளைக்குச் சீனி கீழே இறங்கிவிடலாம். மூத்தவன் 3.9 கிலோ என்று வீட்டில் பெருமையாகச் சொல்லியிருப்பார்கள். அந்தப் பெருமையை நான் குறை சொல்லவில்லை. இந்தப் பிள்ளைக்கு ஸ்கேனில் வயிற்றுச் சுற்றளவு எப்படிப் போகிறது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, அப்படியானால் சீனியாக மாறுகிற சோற்றை நிறுத்துவதுதானே நல்லது என்று தோன்றும். அங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். மாவுச்சத்து போதாத உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பிக்கும். அப்போது வருகிற கீட்டோன் என்ற பொருள் ரத்தத்தில் கூடும், சிறுநீரிலும் தெரியும். கர்ப்பத்தில் இது சீக்கிரமாகவே வந்துவிடும், பிள்ளைக்கு நல்லதும் இல்லை. உங்கள் தலைசுற்றலும் எடை குறைவும் எனக்குப் பட்டினியின் அடையாளமாகத்தான் தெரிகின்றன. ஆனாலும் இரத்தச்சோகை, ரத்த அழுத்தம் இரண்டையும் கிளினிக்கில் பார்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 175 கிராம் மாவுச்சத்து வேண்டும். இனிப்புநீர் இருந்தாலும் அதே 175-தான். அதை ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் இரண்டு மூன்று சிறு தீனிக்கும் பிரித்துப் போடுவதுதான் இந்த வைத்தியத்தின் பெரும்பகுதி.

175 கிராம் என்றால் அடுப்படியில் என்ன அளவு என்று பார்ப்போம். வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து. சீனர் கடையில் சோறு வைத்துத் தருகிற சின்ன மங்கு வீட்டில் இருக்கும் அல்லவா? அதில் அமுக்காமல், கோபுரம் கட்டாமல், விளிம்பு வரைக்கும் போட்டால் சுமார் 150 கிராம் சோறு பிடிக்கும். மதியத்துக்கு ஒரு மங்கு, இரவுக்கு ஒரு மங்கு, அதுதான் உங்கள் அளவு. சாண்ட்விச் ரொட்டி ஒரு துண்டில் சுமார் 15 கிராம். க்ரீம் கிரேக்கர் மூன்று சேர்ந்தால் அதே 15. காலையில் 30, பத்து மணி வாக்கில் 15, மதியம் 45, நாலு மணிக்கு 20, இரவு 45, படுக்கப்போகுமுன் 20. கூட்டிப் பாருங்கள், 175 வந்துவிடும்.

மங்கை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், அகப்பைக் கணக்கு கைக்குக் கை மாறும். எங்கள் அம்மா பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், மதியம் வரை மேடும் பள்ளமுமாக நடந்து, பால் வாளி தூக்கிவிட்டு வந்து, தட்டு நிறையச் சோறு சாப்பிடுவார். அந்த நடைக்கு அந்தச் சோறு சரியாக இருந்தது. இன்று பஸ் வீட்டுச் சிம்பாங்கில் வந்து ஏற்றிக்கொள்கிறது, வேலையும் எட்டு மணி நேரம் ஒரே இடத்தில். அகப்பை மட்டும் அம்மா காலத்து அகப்பையாகவே இருக்கிறது. அத்தை அன்போடு ஒரு அகப்பை வைத்து, 'இன்னும் கொஞ்சம்' என்று அரை அகப்பை சேர்ப்பார். மங்கில் எடுத்துத் தட்டில் கவிழ்த்துவிட்டால் அவருக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி. ஒரு மங்கு சோறு கண்ணுக்குக் குறைவாகத் தெரியாது.

தட்டின் மற்ற பகுதியைக் காய்கறியால் நிரப்புங்கள். சுகாதார அமைச்சு 'சுக்கு-சுக்கு-செப்பாரோ' என்று போஸ்டர் ஒட்டியிருக்குமே, அதுதான்: கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ முட்டையோ பருப்போ, பாதித் தட்டு காயும் பழமும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தாய்மார்களுக்கு ஓட்ஸ், ப்ரோக்கோலி என்று அச்சடித்த தாளைக் கொடுத்து அனுப்பினேன். ஒரு தோட்டத்து அக்கா அதை மடித்து என் மேசையிலேயே வைத்து, 'இது எங்க கடையில இல்லம்மா, இருக்கிறத வச்சுச் சொல்லு' என்றார். அன்றிலிருந்து இருப்பதை வைத்துத்தான் சொல்கிறேன். வீட்டுக்குப் பின்னால் முருங்கை இருந்தால் கீரை பொரியல். பாசார் மாலாமில் கங்கோங், சாவி, வெண்டைக்காய், பீர்க்கங்காய் இருக்கும். கெம்போங் மீன் குழம்பு, தாஹூ பெரட்டல், நெத்திலி போட்ட டெம்பே. டெம்பே மலிவு, அதில் புரதமும் நார்ச்சத்தும் இருக்கின்றன. உருளைக்கிழங்கு, மரவள்ளி, வற்றாளைக்கிழங்கு, சோளம் நான்கும் காய்க் கணக்கில் வராது, சோற்றுக் கணக்கில் வரும். சோறும் உருளைப் பெரட்டலும் சேர்ந்தால் இரண்டு பங்கு மாவு.

சாப்பிடுகிற வரிசையும் உதவும். முதலில் கீரையும் மீனும் பாதியாவது சாப்பிட்டுவிட்டு, அப்புறம் சோற்றில் கை வையுங்கள். நார்ச்சத்தும் புரதமும் முன்னால் போனால் சீனி மெதுவாக ஏறும். நம் பழக்கம் சோற்றைப் பிசைந்து ஆரம்பிப்பதுதான், மாற்றக் கொஞ்சம் நாளாகும். அரிசியை மாற்ற முடிந்தால் பாஸ்மதியோ புழுங்கலோ வாங்குங்கள். ஒட்டிக்கொள்கிற பச்சரிசியைவிட இவை நிதானமாகச் சீனியை ஏற்றும். வாங்க முடியவில்லை என்றால் கவலை வேண்டாம், அரிசியின் பெயரைவிட மங்கின் அளவு முக்கியம்.

இப்போது உங்கள் காலை உணவுக்கு வருகிறேன். நாள் முழுக்க நீங்கள் சாப்பிடுவதில் எனக்குக் கவலை தருவது அந்த மைலோவும் கிரேக்கரும்தான். சோற்றை விட்டுவிட்டேன் என்கிறீர்கள், ஆனால் ஒரு கப் மைலோவில் மூன்று கரண்டித் தூளும் கட்டிப்பாலும் போனால் இரண்டு துண்டு ரொட்டியின் மாவுச்சத்து அதிலேயே வந்துவிடும். அதோடு ஆறு கிரேக்கர் என்றால் இன்னும் இரண்டு துண்டு. ஒரு மங்கு சோற்றையும் தாண்டிவிட்டது. கரைந்த சீனியும் மெல்லிய மாவுமாக இருப்பதால் சீக்கிரம் ஏறும், தடுத்து நிறுத்தப் புரதம் எதுவும் இல்லை. போதாததற்கு, கர்ப்பிணி உடம்பு இன்சுலினுக்கு அதிகம் அடம்பிடிக்கிற நேரம் காலைதான். சாயங்காலம் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாத அதே இரண்டு தோசை, காலையில் எண்ணை எகிறவைக்கலாம். அதனால் காலையில் மாவு குறைவாக, புரதம் கூடுதலாக.

ஐந்தேகாலுக்கு எழுந்து பஸ் பிடிக்கிறவருக்குப் பெரிய சமையல் சொல்லமாட்டேன். இரண்டு துண்டு முழுக்கோதுமை ரொட்டி, நடுவில் இரண்டு முட்டை ஆம்லெட். அல்லது கைப்பிடி அகலத்தில் ஒரு தோசை, கெட்டிப் பருப்புச் சாம்பார், ஒரு முட்டை. குடிக்க தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத டீ), அல்லது சீனி போடாத பால் அரை கப். தேநீரை மட்டும் இரும்புச்சத்து மாத்திரைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் மாத்திரை சரியாகச் சேராது. பத்து மணி பிரேக்குக்கு ஒரு சின்னக் கொய்யாவும் ஒரு பிடி கச்சானும் டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள்.

கேன்டீனில் நாசி சம்பூர் என்றால் 'நாசி செப்பாரோ, சாயூர் லெபே' (சோறு பாதி, காய் கூடுதல்) என்று சொல்லிப் பழகுங்கள். முதல் நாள் கூச்சமாக இருக்கும், நான்காம் நாள் அந்தக் கடைக்கார மக்சிக்கே தெரிந்துவிடும். ரொட்டி சானாய் ஒன்றில் ஏறக்குறைய 40 கிராம் மாவுச்சத்து, நிறைய எண்ணெய். ஆசைப்பட்டால் ஒரு நாள் மதியச் சோற்றுக்குப் பதிலாக ஒன்று, கூடவே பருப்பும் முட்டையும். காலையில் வேண்டாம். தே தாரிக், சிராப், பாக்கெட் ஜூஸ், காஸ் தண்ணீர் எல்லாவற்றையும் பிள்ளை பிறக்கும்வரை விட்டுவிடுங்கள். இந்த ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. குடிக்கிற சீனி வயிற்றில் நிற்காமல் நேரே ரத்தத்துக்கு ஓடும். பால் சேர்த்த டீதான் வேண்டும் என்றால் தே சி கோசோங் (சீனி இல்லாத பால் டீ) கேளுங்கள்.

நல்லது என்று நம்பிச் சாப்பிடுகிற சிலவற்றையும் சொல்லவேண்டும். கேழ்வரகு நல்ல தானியம்தான், ஆனால் மாவாக அரைத்து, தண்ணீராகக் கரைத்து, கொதிக்கவைத்த கஞ்சி பாதி செரித்த மாதிரிதான். மடமடவென்று சீனி ஏறும், சீக்கிரமே பசிக்கும். கேழ்வரகு வேண்டுமானால் முருங்கைக்கீரை போட்டு ரொட்டியாகத் தட்டி ஒன்றிரண்டு சாப்பிடுங்கள். சப்பாத்தியில் சீனி இல்லை என்பார்கள். நடுத்தரச் சப்பாத்தி ஒன்று ஒரு துண்டு ரொட்டிக்குச் சமமாகவோ கொஞ்சம் கூடவோதான் வரும், நான்கு சாப்பிட்டால் ஒரு மங்கு சோற்றைத் தாண்டிவிடும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, குலா மெலாக்கா, தேன் எதுவுமே வெள்ளைச் சீனிக்கு மாற்று இல்லை, ரத்தத்தில் எல்லாம் ஒன்றுதான். கர்ப்பிணிகளுக்கான பால்பவுடர் டின்னில் 'கார்போஹிட்ரட்' என்ற வரியைப் பாருங்கள், இனிப்புச் சேர்த்தவை நிறைய. பாகற்காயைப் பொரியலாகச் சாப்பிடுங்கள். சாறு பிழிந்து குடிப்பதும், வெந்தயத்தைப் பொடித்துக் கரண்டி கரண்டியாக விழுங்குவதும் கர்ப்பத்தில் வேண்டாம். சாம்பாரில் தாளிக்கிற வெந்தயத்தால் ஒன்றும் ஆகாது.

போஸ்டரில் தட்டிலேயே இருக்கிற பழத்தை நீங்கள் உணவோடு சேர்த்துக் கொட்டாமல் இடையில் சாப்பிடுங்கள், ஒரு வேளைக்கு ஒரு பங்கு போதும். கொய்யா, ஆப்பிள், தம்புன் பம்பளிமாஸில் இரண்டு மூன்று சுளை. நன்றாகப் பழுத்த பப்பாளி ஒரு கீற்று சாப்பிடலாம். பப்பாளிக்காயும் செங்காயும் வேண்டாம், அதன் பாலில்தான் சிக்கல். டுரியான் சீசன் வந்தால் ஒரு சின்னச் சுளையோடு நிறுத்துங்கள்.

வீட்டில் மீட்டர் கிடைத்திருப்பது நல்ல காரியம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தினால் பழத்தின் சீனியையும் சேர்த்துக் காட்டும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. வெறும் வயிற்றில் 5.3-க்குள், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 7.8-க்குள் இருக்கவேண்டும். அந்த ஒரு மணி நேரம் முதல் வாய் வைத்ததிலிருந்து எண்ணவேண்டும், கை கழுவியதிலிருந்து அல்ல. கிளினிக்கில் இரண்டு மணி நேரக் கணக்கு கேட்டால் அவர்கள் எழுதித் தந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். எண்ணோடு என்ன சாப்பிட்டீர்கள் என்றும் எழுதுங்கள்: 'ஒரு மங்கு சோறு, கெம்போங், கங்கோங், 7.1' என்கிற மாதிரி. ஒரு வாரம் எழுதினால், உங்கள் உடம்புக்கு எது ஒத்துக்கொள்கிறது என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தால் மட்டும் வேண்டாம். நடக்கிற தசை இன்சுலினை எதிர்பார்க்காமலேயே சீனியை இழுத்துக்கொள்ளும். ரோட்டில் நாய்த் தொல்லை இருந்தால் வீட்டுக்காரரைத் துணைக்குக் கூப்பிடுங்கள். மழை என்றால் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாலும் போதும்.

காலை 5.8 பற்றி. நேற்று ஏழு மணிக்குக் கஞ்சியோடு நிறுத்தியும் ஏன் ஏறுகிறது என்று குழம்பியிருப்பீர்கள். இரவு முழுக்க நீங்கள் சாப்பிடாவிட்டாலும் ஈரல் தன் கையிருப்பிலிருந்து சீனியை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதை அடக்கவேண்டியது இன்சுலின். அது போதவில்லை என்றால் வெறும் வயிற்று எண் ஏறும். இரவு பத்து மணி வாக்கில் ஒரு கப் சீனியில்லாப் பாலும் இரண்டு கிரேக்கரும் சாப்பிட்டுப் படுங்கள், நீண்ட பட்டினியை அது உடைக்கும். சிலருக்கு இதிலேயே இறங்கிவிடும். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: சாப்பாட்டால் சரிசெய்ய மிகவும் கஷ்டமான எண் இந்தக் காலை எண்தான். ஒன்றிரண்டு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டும் 5.3-க்குக் கீழே வரவில்லை என்றால் டாக்டர் மெட்ஃபோர்மின் மாத்திரையோ இரவு இன்சுலினோ தரலாம். அப்படி வந்தால் அது உங்கள் தோல்வி இல்லை. நஞ்சுக்கொடி கேட்கிற அளவுக்கு உங்கள் கணையம் சுரக்கவில்லை, அவ்வளவுதான்.

பாட்டி சொன்னதில் ஒரு பாதி அனுபவம் இருக்கிறது. கர்ப்பத்துக்கு வெளியே, பல வருடம் இனிப்புநீர் இருந்து ஊசிக்கு மாறியவர்களை அவர் பார்த்திருப்பார், அவர்களுக்கு அது தொடரும். உங்கள் கதை வேறு. நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் அந்த ஹார்மோன்களும் போய்விடும். கர்ப்பகால இனிப்புநீருக்கு ஊசி போட்டவர்களில் பெரும்பாலானோருக்குப் பிரசவத்தோடு ஊசியை நிறுத்திவிடுவார்கள். நான் சொன்ன ஜாகாவை நினைத்துக்கொள்ளுங்கள், அந்த இன்சுலினும் பிள்ளையிடம் போகாது. பேனா மாதிரிக் கருவி, ஊசி நகத்தின் நீளம்கூட இருக்காது. விரலில் குத்துவதைவிட வலி குறைவு என்றுதான் போட்டுக்கொள்கிறவர்கள் சொல்கிறார்கள். போட ஆரம்பித்தால் வேளை தவறாமல் சாப்பிடவேண்டும். கை நடுங்கி, வியர்த்து, மீட்டரில் 4-க்குக் கீழே காட்டினால் உடனே மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி கழித்து மறுபடி பாருங்கள். பையில் எப்போதும் குளுக்கோஸோ மிட்டாயோ இருக்கட்டும்.

பிள்ளையின் அசைவை அட்டையில் குறித்துவருகிறீர்களா? அசைவு குறைந்ததாகத் தோன்றினால் சீனி எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அத்தையை மறுத்துப் பேச வேண்டிய அவசியமில்லை. 'ரெண்டு உசிருக்கும் சேர்த்துத்தான் அத்தை சாப்பிடுறேன், பிள்ளைக்குச் சதை வளரணும்னா முட்டையும் மீனும் கீரையும்தான் வேணுமாம்' என்று சொல்லி, தாளிப்பதை அவர் கையிலேயே விட்டுவிடுங்கள். முடிந்தால் அடுத்த கிளினிக் நாளில் கூட்டிக்கொண்டு போங்கள். மிஸ்ஸி சொன்னால் கேட்பார்கள்.

பிரசவத்துக்குப் பிறகு ஆறாவது வாரத்தில் மறுபடி அந்த இனிப்புத் தண்ணீர்ப் பரிசோதனை உண்டு. பத்திய நாட்களும் பிள்ளையின் அழுகையுமாக இருக்கும்போது பலர் இதைத் தவறவிட்டு, நாலைந்து வருடம் கழித்து நிரந்தர இனிப்புநீரோடு வருகிறார்கள். உங்களுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடுதல். தேதியைக் கிளினிக்கில் தந்த பிங்க் புத்தகத்தின் அட்டையிலேயே எழுதி வையுங்கள், அப்புறம் வருடம் ஒரு தரம் பாருங்கள். தாய்ப்பால் கொடுங்கள், உங்களுக்கும் பிள்ளைக்கும் நல்லது. மருந்து உருண்டையில் கருப்பட்டி சேர்ப்பார்கள், சுண்டைக்காய் அளவு போதும்.

வளைகாப்புக்கு வருவோம். சந்தோஷமாக வளையல் போட்டுக்கொள்ளுங்கள். எலுமிச்சை, புளி, தேங்காய், தயிர் என்று சாதங்கள் வரிசையாக இருக்கும், சர்க்கரைப் பொங்கலும் கேசரியும் இருக்கும். காலையில் முட்டையும் ஒரு துண்டு ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு மணையில் உட்காருங்கள். பசியோடு உட்கார்ந்தால் கை நிற்காது. ஊட்ட வருகிற ஒவ்வொரு அக்காவும் ஒரு விரல் நுனி அளவு வைத்தால் போதும் என்று நாத்தனாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அவர் வாசலிலேயே சொல்லிவிடுவார். பந்தியில் உங்கள் மங்கை எடுத்து, ஒவ்வொரு சாதத்திலும் ஒரு கரண்டியாக ஒரு மங்கு மட்டும் நிரப்பிக்கொள்ளுங்கள். கூடவே அவித்த முட்டை, கூட்டு, தயிர்ப் பச்சடி. கேசரி ஆசையாக இருந்தால் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு, அந்த அளவுக்குச் சாதத்தைக் குறையுங்கள். வந்தவர்களை வழியனுப்புகிற சாக்கில் கேட் வரைக்கும் இரண்டு தரம் நடந்துவிட்டு வாருங்கள். முதல் வாய் வைத்து ஒரு மணி நேரத்தில், வளையலைக் கொஞ்சம் மேலே தள்ளிவிட்டு, கை கழுவி, ஒரு குத்து. என்ன எண் வந்தது என்று எனக்கு எழுதுங்கள், தங்கச்சி.